தலைமையாசிரியர் வித்தியாசாகரர்

கரக்பூரில் வாழும் நம் காலனிக் குழந்தைகளுள் வங்காளம் கற்போர் கையில் முதன்முதலாக வைக்கப்படும் மெல்லிய புத்தகம் ஒன்று உண்டு. வர்ணபரிசயம் என்பது அதன் பெயர். எழுத்துக்களின் அறிமுகம் என்று பொருள். 1855-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல் இன்றளவும் அச்சாகிக் கடைகளில் விற்கப்பட்டு வருகின்றது. முன்தலை மழித்து, அகன்ற நெற்றியோடு, தோளிற் போர்வையுடன் வீற்றிருக்கும் பெரியவர் ஒருவரின் படத்தை அதன் அட்டையில் நம்மவர் பலரும் கண்டிருப்பர். அவரே பண்டித ஈசுவர சந்திர வித்தியாசாகரர்.

கைம்பெண் மறுமணச் சட்டத்திற்காக அவர் பட்ட பாட்டை யாவரும் அறிவர். அவருடைய ஈகையைப் பற்றியும் கதைகள் பல வழங்குகின்றன. அவற்றை எழுத நம்மினும் வல்லோர் உளர். ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தர வேண்டுமெனச் சங்கச் செயலாளர் பணித்தபோது நாம் வேறொன்றை நினைத்தோம். அப்பெரியார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது ஒரு பள்ளித் தலைவரின் நாற்காலியில். அந்நாற்காலியில் அமர்ந்து அவர் அன்றாடம் என்ன செய்தார் என்பதைச் சொல்வாரைக் காண்பது அரிதாக இருக்கின்றது. இரயில்வே அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் பார்த்தே காலங்கழிக்கும் நமக்கு அந்தப் பகுதிதான் மிகவும் சுவையாகப் பட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் பத்தாம் வகுப்புப் படித்த பள்ளியில், அதன் பெயர் இங்கு வேண்டா, தலைமையாசிரியர் பதவி ஏறக்குறைய இரண்டாண்டுகள் ஆளின்றிக் கிடந்தது. கட்டடமும் ஆசிரியர்களும் முன்போலவே இருந்தனர். ஆயினும் முதல் மணி அடிப்பது பத்து நிமிடம் தள்ளிப் போயிற்று, பிறகு அரைமணி. கணக்காசிரியர் விடுப்பில் சென்றால் அவ்வகுப்பிற்கு வேறொருவரை அனுப்புவார் இல்லை. நாம் மெட்ரிக்கோடு நின்றதற்கு வீட்டு நிலையே முதற் காரணம் என்பதை மறைக்கவில்லை. எனினும் அந்த இரண்டாண்டு நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஈசுவர சந்திரர் 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் பீர்சிங்கா என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் அன்று ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மிட்னாப்பூரோடு சேர்ந்தது. இன்று நம் கரக்பூர் அடங்கியுள்ள மேற்கு மிட்னாப்பூர் மாவட்டத்தின் காட்டால் வட்டாரத்தில் இருக்கின்றது. ஆதலின் அவர் நம் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. தந்தையார் தாகுர்தாஸ் கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்திற்கு உழைத்தவர். அன்னையார் பகவதி தேவியார்.

எட்டு வயதில் மகனைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார் தந்தையார். ஐம்பது மைலுக்கு மேற்பட்ட தூரம்; கால்நடைப் பயணம். வழிநெடுக நாட்டியிருந்த மைற்கற்களைக் கண்ட சிறுவன் அவை யாவை என வினவி, அவற்றிற் பொறித்திருந்த ஆங்கில எண்களை நடந்தவாறே கற்றுக்கொண்டான். உண்மையாகவே கற்றானா என்று சோதிக்க விரும்பிய தந்தையார், ஆறாம் மைற்கல்லைப் பையன் காணாதபடி கடத்திவிட்டு, ஐந்தாவதைக் காட்டி இது எத்தனை என்று கேட்டாராம். ஆறு என்று இருக்க வேண்டியதை ஐந்து எனத் தவறாகப் பொறித்துவிட்டனர் என்றானாம் பிள்ளை. இதனை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். கல்லில் வெட்டிய எழுத்தாயினும் கணக்கிற்கு ஒவ்வாதேல் ஏற்பதில்லை என்ற குணம் எட்டு வயதிலேயே இருந்தது போலும்.

1829-ஆம் ஆண்டில் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியிற் சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் பயின்றார். கல்லூரி என்பது பெயரே யாயினும், இலக்கணத்தின் முதற்பாடம் படிக்கும் சிறுவர் தொடங்கித் தர்க்கமும் வேதாந்தமும் பயிலும் இளைஞர் வரை யாவரும் அங்கிருந்தனர். எனவே அதன் தலைவர் செய்ய வேண்டியிருந்தது பெரும்பாலும் ஒரு தலைமையாசிரியரின் வேலையே. சிறுவர்கள் வோபதேவர் இயற்றிய முக்தபோதம் என்னும் இலக்கணத்தைப் பொருள் அறியாமலே உருப்போட்டனர். ஈசுவர சந்திரரும் அவ்வாறே மூன்றாண்டுகளுக்கு மேல் உருப்போட்டார். தாம் பட்ட அந்தத் துன்பத்தை அவர் மறக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1841-இல் படிப்பு முடிந்தது. வித்தியாசாகரர் என்னும் பட்டமும் அதற்குள் கிடைத்திருந்தது. அதே ஆண்டு வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் தலைமைப் பண்டிதரானார். 1846-இல் தாம் படித்த சமஸ்கிருதக் கல்லூரிக்கே துணைச் செயலாளராகத் திரும்பி வந்தார். வந்ததும் பாடத்திட்டம் முழுவதையும் திருத்தி அமைக்க வேண்டும் என விரிவான திட்டம் ஒன்றை எழுதி மேலே அனுப்பினார். அது செல்ல வேண்டிய இடத்திற்கு முழுமையாகச் செல்லவில்லை. செயலாளராக இருந்தவர்க்கு அதில் விருப்பம் இல்லை. கோப்பு ஒன்று ஒரு மேசையிலேயே தங்கிவிடுவது எவ்வாறு என்பதை நம் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மறு ஆண்டே அவர் பதவியைத் துறந்தார். உண்ண என்ன செய்வார் இவர் என்று சிலர் வியந்தபோது, உருளைக்கிழங்கும் காய்கறியும் விற்றுப் பிழைப்பேன், மதிப்பில்லாத பதவி வேண்டா என்று அவர் விடையிறுத்ததாகக் கூறுவர். காய்கறி விற்கவில்லை, நண்பர் மதன்மோகன தர்க்காலங்காரருடன் சேர்ந்து அச்சகம் ஒன்று நிறுவினார். அந்த அச்சகமும் அவர் எழுதிய பாடநூல்களும் பிற்காலத்தில் அவருக்குச் சோறிட்டன. அதனாலேயே அவர் எந்தப் பதவியையும் விட்டு எழும் துணிவு பெற்றிருந்தார் என்று நாம் கருதுகின்றோம். மாதச் சம்பளம் ஒன்றையே நம்பியிருப்போர்க்கு அந்தத் துணிவு எளிதில் வருவதன்று.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்துக் கல்லூரியின் தலைவரான கெர் என்னும் ஆங்கிலேயரைக் காண வித்தியாசாகரர் சென்றபோது, அவர் செருப்பணிந்த கால்களை மேசைமேல் நீட்டியவாறே பேசினாராம். சில நாட்களுக்குப் பின் அதே துரை சமஸ்கிருதக் கல்லூரிக்கு வந்தார். நம் பண்டிதரும் தம் நாட்டுச் செருப்பணிந்த கால்களை மேசைமேல் வைத்துக்கொண்டே அவரை வரவேற்றார். மேலிடம் விளக்கம் கேட்டது. பெரியவர்களை வரவேற்கும் ஐரோப்பிய மரியாதை இதுவென அவரிடமே கற்றுக்கொண்டதாகப் பண்டிதர் எழுதியனுப்பினார் என்பது வங்காளத்தில் தாத்தாக்கள் பேரர்க்குச் சொல்லும் கதை.

1850-ஆம் ஆண்டின் இறுதியில் இலக்கியப் பேராசிரியராக அதே கல்லூரிக்கு மீண்டும் அழைக்கப்பட்டார். இம்முறை அவர் சமர்ப்பித்த அறிக்கை மேசையில் உறங்கவில்லை. 1851 ஜனவரியில் பழைய செயலாளர் பதவிகள் நீக்கப்பெற்று, பிரின்ஸிபால் என்னும் ஒரே பதவி ஏற்படுத்தப்பட்டு, அது அவருக்கே அளிக்கப்பட்டது. சம்பளம் மாதம் நூற்றைம்பது ரூபாய். வயது முப்பது.

அவர் முதலிற் கைவைத்தது காலண்டரில். சமஸ்கிருதக் கல்லூரியில் அதுவரை ஞாயிறு விடுமுறை கிடையாது. பிரதமையும் அஷ்டமியும் அனத்தியயன நாட்கள் என்ற மரபுப்படி அத்திதிகளில் விடுமுறை. திதி எந்தக் கிழமையில் வரும் என்பது பஞ்சாங்கத்திற்கே தெரியும். ஊரில் அலுவலகங்களும் மற்றப் பள்ளிகளும் ஒருநாள் மூடியிருக்க, இக்கல்லூரி இன்னொரு நாள் மூடியிருக்கும். 1851-லேயே அதனை மாற்றி ஞாயிற்றுக்கிழமையை வார விடுமுறை ஆக்கினார். தாமே வைதிக அந்தணர். பண்டிதர் பரம்பரையில் வந்தவர். அவர் செய்தமையாலேயே அது நடந்தது; பிறர் ஒருவர் செய்திருந்தால் பெரும் கலகம் மூண்டிருக்கும் என்பது நம் எண்ணம்.

அடுத்தது கடிகாரம். ஆசிரியர்கள் தமக்கு இயன்ற நேரத்தில் வருவது வழக்கமாயிருந்தது. அவர்களிற் பலர் வித்தியாசாகரருக்கே பாடஞ் சொன்ன குருமார்கள். குருவை நோக்கி ஏன் காலந்தாழ்ந்து வந்தீர் என்று கேட்கலாகாது. கேளாமல் விட்டாலும் பள்ளி நடவாது. அவர் என் செய்தார்? பள்ளி தொடங்கும் நேரத்தில் தாமே வாயிலருகே வந்து நின்றார். பிந்தி வருவோரை வணங்கி, இப்பொழுதுதான் வருகின்றீர்களா என்று மட்டும் விசாரித்தார். மிக மூத்த ஆசான் ஒருவரிடம் அதுவும் கேட்கவில்லை. கும்பிட்டு நின்றதோடு சரி. சில நாட்களில் யாவரும் மணி அடிக்குமுன்பே உள்ளே இருந்தனர் என்று அவர் வரலாற்றை எழுதினோர் சொல்கின்றனர். தாமதமாக வருவோர் பெயருக்கு நேரே சிவப்பு மையாற் கோடிடும் பழக்கத்தை நாம் நாள்தோறும் பார்த்து வருகின்றோம். வாயிலில் நின்று கும்பிடும் அதிகாரியை இன்னும் பார்த்ததில்லை.

மூன்றாவது, சேர்க்கைப் பதிவேடு. கல்வி இலவசமாக இருந்தமையால் பிள்ளைகள் இன்று சேர்வர், நாளை மறைவர், விழாக் கழிந்து மீண்டும் வருவர். பதிவேட்டில் இருக்கும் பெயர்கள் வகுப்பில் இரா. வித்தியாசாகரர் சிறிய சேர்க்கைக் கட்டணம் ஒன்றை விதித்தார். நின்றுபோய் மீண்டும் சேர்வோர் அதை மறுபடியும் செலுத்த வேண்டும் என்றார். பின்னர் மாதக் கட்டணமும் ஏற்பட்டது. தாமே ஏழ்மையில் வாடி உதவித்தொகையாற் படித்த ஒருவர் ஏழைப் பிள்ளைகளிடம் பணம் கேட்கலாமா என்று வாசகர் நினைக்கக்கூடும். நாமும் அவ்வாறே முதலில் நினைத்தோம். ஆயினும் இதே மனிதர் 1853-இல் தம் சொந்த ஊரான பீர்சிங்காவில் தம் கைப்பொருளால் இலவசப் பள்ளி ஒன்றை நிறுவியதையும், பகலில் உழைப்பார்க்கு அங்கே இரவுப் பள்ளி நடத்தியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்கத்தாவில் அவர் விதித்த கட்டணம் வருமானத்திற்காக அன்று, நாள்தோறும் வருவதற்காக.

நான்காவது, கதவு. அக்கல்லூரியில் அந்தணரும் வைத்தியருமே சேரலாம் என்ற விதி இருந்தது. 1851-இல் காயஸ்தர்க்கும், 1854 இறுதியில் மதிப்புள்ள இந்துக் குடும்பத்தார் எவர்க்கும் அதனைத் திறக்கச் செய்தார். பண்டிதர்கள் கொதித்தெழுந்தனர். ஐரோப்பியரிடம் சம்பளம் பெற்று அவர்க்குச் சமஸ்கிருதம் கற்பிக்கும் பண்டிதர், நம் நாட்டுப் பிள்ளைக்குக் கற்பிப்பதில் மட்டும் என்ன இழுக்கு எனக் கேட்டு அவர்களை அடக்கினார் என்பர். ஆனால் உண்மையை முழுதும் சொல்ல வேண்டும். 1855-இல் பொன்வணிகர் குலத்து மாணாக்கன் ஒருவனைச் சேர்க்கும் கேள்வி எழுந்தபோது, ஊரார் மதிப்பில் அக்குலம் தாழ்ந்தது, கல்லூரியின் பெயர் கெடும் எனக் கூறி அவர் இணங்கவில்லை. கதவை இத்தனை தூரம் திறந்தவர் அங்கே நின்றுவிட்டார். அதை நாம் மறைப்பது அவருக்கும் மரியாதை ஆகாது.

இனி, முக்தபோதம். பதவியேற்ற ஆண்டிலேயே உபக்கிரமணிகா என்னும் சிறிய இலக்கண நூலை வங்காளத்தில் எழுதி வெளியிட்டார். அடுத்து வியாகரண கௌமுதி. தாய்மொழியில் இலக்கணத்தை விளங்கிக்கொண்டு, உடனே எளிய வடமொழிப் பாடங்களைப் படிக்கத் தொடங்கலாம். ஆண்டுக்கணக்கான உருப்போடுதல் ஒழிந்தது. இலீலாவதியைக் கொண்டு கணக்குக் கற்பித்த முறையை நிறுத்தி, ஆங்கில வழிக் கணக்கை வைத்தார். ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடம் ஆக்கினார். காசிச் சமஸ்கிருதக் கல்லூரியின் தலைவரான பாலண்டைன் 1853-இல் வந்து பார்வையிட்டு வேறு யோசனைகளைக் கூறியபோது, அவற்றை மறுத்துக் கல்விச் சபைக்கு எழுதினார். தம் பள்ளிக்கு எது தேவை என்பதைத் தாமே அறிவார் என்பதே அவர் நிலை. இறுதியில் அவர் வழியே நடந்தது.

அரசினர் அவர் திறமையைக் கண்டு 1855-இல் நதியா, பர்துவான், ஹூக்ளி, மிட்னாப்பூர் ஆகிய நான்கு மாவட்டங்களின் பள்ளிகளையும் மேற்பார்க்கும் பணியைக் கூடுதலாக அளித்தனர். இரண்டு பணிக்கும் சேர்த்து மாதம் ஐந்நூறு ரூபாய் ஆயிற்று. மாவட்டத்திற்கு ஐந்தாக இருபது மாதிரிப் பள்ளிகளைச் சில மாதங்களிலேயே திறந்தார். நம் மாவட்டத்து ஐந்தில் ஒன்று ஜக்பூரில் 1856 ஜனவரியில் தொடங்கப்பெற்றது. ஹவுரா வழியில் கரக்பூரை அடுத்துள்ள ஜக்பூர் நிலையத்தை நாம் எத்தனை முறை கடந்திருப்போம்! அக்காலத்தில் இங்கே இருப்புப்பாதை இல்லை. அவர் பல்லக்கிலும் கால்நடையாகவும் வந்தார். பல்லக்கில் அமர்ந்தவாறே வர்ணபரிசயத்தின் அச்சுப்படிகளைத் திருத்தினார் என்று கூறுவர்.

பள்ளி திறந்தாயிற்று, கற்பிப்பவர் எங்கே? பழைய திண்ணைப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு புதிய பாடங்களை நடத்த இயலாது. எனவே மாதிரிப் பள்ளிகளைத் திறக்குமுன்னரே, 1855 ஜூலையில், சமஸ்கிருதக் கல்லூரிக் கட்டடத்திலேயே ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். காலை வேளையில் அது நடந்தது. அதன் தலைமையாசிரியராக அவர் தேர்ந்தெடுத்தவர் அக்ஷய குமார் தத்தர். இருவருக்கும் பல கருத்துக்களில் ஒற்றுமை உண்டு. எனினும் தத்தரை அவர் வேண்டியதற்குக் காரணம், எளிய வங்காள உரைநடையில் அறிவியலை எழுத வல்லவர் அன்று அவரைப் போல் பிறர் இல்லாமையே.

இடையில் 1856-இல் மறுமணச் சட்டம் நிறைவேறியது. அதனால் வந்த வசையும் கடனும் அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தன. அதனை விரித்துரைக்க இங்கே இடமில்லை.

நாம் சொல்ல வந்ததன் நடுப்பகுதி இனித்தான். 1857 நவம்பர் முதல் 1858 மே வரையுள்ள ஏழு மாதங்களில், தம் மேற்பார்வையில் இருந்த நான்கு மாவட்டங்களில் முப்பத்தைந்து பெண் பள்ளிகளை வித்தியாசாகரர் திறந்தார். ஹூக்ளியில் இருபது, பர்துவானில் பதினொன்று, மிட்னாப்பூரில் மூன்று, நதியாவில் ஒன்று. சுமார் 1,300 பெண் குழந்தைகள் சேர்ந்தனர். மாதச் செலவு 845 ரூபாய். வடநாடு முழுவதும் சிப்பாய்க் கலகம் என்னும் பெரும் புரட்சியால் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஊர் ஊராகச் சென்று, பெண்ணுக்கு எழுத்தறிவித்தால் கைம்மை வரும் என்று நம்பிய பெற்றோரிடம் பேசி, இடம் கேட்டு, ஆசிரியரை அமர்த்தி இத்தனையும் செய்தார்.

எந்த உத்தரவின் மேல்? இங்கேதான் எந்தக் குமாஸ்தாவுக்கும் நெஞ்சு திடுக்கிடும். வங்காளத்து லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஹாலிடே பெண் கல்வியில் ஆர்வமுடையவர். வித்தியாசாகரரிடம் அன்பு பூண்டவர். அவர் நேரிற் பேசியபோது தந்த ஊக்கத்தை அனுமதியாகக் கொண்டு பண்டிதர் பள்ளிகளைத் திறந்தார். எழுத்து மூலமான அங்கீகாரம் இல்லை. வாய்மொழி உத்தரவை நம்பிக் காரியஞ் செய்யலாகாது, தாளில் வாங்கிக்கொள் என்று நமக்கு வேலையிற் சேர்ந்த முதல் வாரத்திலேயே தலைமை எழுத்தர் ஒருவர் கற்பித்தார். வித்தியாசாகரருக்கு அது தெரியாதா? தெரியும். தாளுக்குக் காத்திருந்தால் அந்தப் பள்ளிகள் பிறந்திரா என்பதும் தெரியும்.

புரட்சியினாற் கருவூலம் வற்றியிருந்த இந்திய அரசு, அப்பள்ளிகளுக்குப் பணம் தர மறுத்தது. உள்ளூரார் பங்கு செலுத்தினால் மட்டுமே உதவி என்ற விதியைக் காட்டியது. ஆசிரியர்களோ மாதக்கணக்காகச் சம்பளம் பெறவில்லை. பாக்கி 3,439 ரூபாய்க்கு ஏறியது. அவர்களை அமர்த்தியவர் வித்தியாசாகரர். கடிதம் கொடுத்தவர் அவர். அரசு தராவிடில் தாமே தருவதற்கு அவர் பொறுப்பேற்றார். கடிதங்கள் போயின, வந்தன. கல்வித்துறையின் இயக்குநராக இருந்த இளைஞர் கார்டன் யங்குக்கும் அவருக்கும் முன்னரே ஒத்துப்போகவில்லை. தாம் அனுப்பும் பரிந்துரைகளை நிராகரிக்கும் மேலதிகாரியின்கீழ்ப் பள்ளிகளை எவ்வாறு நடத்துவது?

1858 ஆகஸ்டில் பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். ஹாலிடே துரை எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். நவம்பரில் விலகினார். வயது முப்பத்தெட்டு. ஐந்நூறு ரூபாய்ச் சம்பளம் போயிற்று, பென்ஷனும் இல்லை. ஆண்டு முடிவில் பாக்கித் தொகையை மட்டும் கொடுக்க அரசு இணங்கியது. பள்ளிகளைத் தொடர்ந்து நடத்தப் பணம் இல்லை என்று கையை விரித்தது. வித்தியாசாகரர் நண்பர்களிடம் சந்தா திரட்டி, தம் பணத்தையும் இட்டு, ஒரு நிதி ஏற்படுத்தி, இயன்ற பள்ளிகளைக் காத்தார். எல்லாவற்றையும் காக்க முடியவில்லை.

பெண் பள்ளிகளோடு அவருக்கிருந்த தொடர்பு உடலிலும் ஒரு வடுவை விட்டது. 1866 டிசம்பரில், இங்கிலாந்திலிருந்து வந்த மேரி கார்ப்பென்டர் அம்மையாருடன் உத்தரபாராவில் உள்ள பெண் பள்ளியைப் பார்வையிட்டுத் திரும்புகையில், வண்டி கவிழ்ந்து ஈரலில் பலத்த அடிபட்டது. அதன்பின் அவர் முழு நலம் பெற்றதே இல்லை.

அரசுப் பதவி போனபின் அவர் கைக்கு வந்தது ஒரு தனியார் பள்ளி. 1859-இல் கல்கத்தா நகரத்தார் சிலர் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் நிருவாகத்தில் அவரும் இடம் பெற்றார். தொடங்கியவர்களுக்குள் பிளவு ஏற்பட்டு, பொறுப்பு மெல்ல அவர் தோளிலேயே விழுந்தது. 1864-இல் அதற்கு மெட்ரோபாலிட்டன் இன்ஸ்டிடியூஷன் என்று பெயர் மாற்றினார். அரசு உதவி ஒரு காசும் பெறவில்லை. மாணாக்கரை அடித்தல் கூடாது என்பது அவர் வகுத்த கண்டிப்பான விதி. பிரம்பைத் தொட்ட ஆசிரியருக்கு அங்கே இடமில்லை.

1872-இல் எப்.ஏ. வகுப்பு நடத்தப் பல்கலைக் கழகத்தின் அனுமதி கிடைத்தது. வெள்ளையர் இன்றி இந்தியரே ஆங்கில இலக்கியம் கற்பிப்பதா என்று பலர் நகைத்தனர். மாநிலக் கல்லூரியில் மாதம் பன்னிரண்டு ரூபாய். இங்கே மூன்றே ரூபாய். 1874-இல் முதல் தொகுதி மாணாக்கர் தேர்வெழுதினர். அவர்களுள் ஒருவர் பல்கலைக் கழகத்திலேயே இரண்டாம் இடம் பெற்றார். நகைத்தவர் வாயடைத்தனர். 1879-இல் பி.ஏ. வகுப்பும், 1882-இல் சட்ட வகுப்பும் வந்தன. ஐ.சி.எஸ். பதவியிலிருந்து நீக்கப்பட்டு எவரும் வேலை தரத் தயங்கிய சுரேந்திரநாத் பானர்ஜியை அழைத்து ஆங்கிலப் பேராசிரியராக அமர்த்தியவரும் இவரே.

தவறே செய்யாத தலைவர் என்று சொல்வதற்கில்லை. பிற்காலத்தில் விவேகானந்தர் என உலகம் போற்றிய நரேந்திரநாதர், சிறுவயதில் இப்பள்ளியிற் படித்தவர். தந்தையை இழந்து வறுமையில் வாடிய 1884-ஆம் ஆண்டு வாக்கில் இதன் கிளையொன்றில் சிறிது காலம் தலைமையாசிரியராக இருந்தார். அவர் சரியாகக் கற்பிக்கவில்லை என்று புகார் வந்தது. அதனைத் தூண்டியவர் நிருவாகத்திலிருந்த வித்தியாசாகரரின் மருமகனே என்று விவேகானந்தர் வரலாறு எழுதியோர் கூறுவர். பண்டிதர் விசாரியாமலே, இனி அவர் வரவேண்டா எனச் சொல்லியனுப்பிவிட்டார். அறுபது வயதைக் கடந்து, நோயுற்று, பிறர் சொற்கேட்டுப் பள்ளி நடத்தும் நிலை வந்துவிட்டது போலும். வாயிலில் நின்று தாமே பார்த்த பழைய தலைவர் அன்று அங்கில்லை.

ஆயினும் 1888-இல், கல்லூரித் தலைவராக இருந்த அதே மருமகன்மீது பணக்கணக்கில் ஐயம் ஏற்பட்டபோது, கிழவர் தாமே வந்து கணக்கைப் பார்த்தார். மகளின் கணவர் என்று பாராமல் பதவியிலிருந்து நீக்கினார். வீட்டார் வருந்தினர். பள்ளிப் பணம் பள்ளிக்கு உரியது என்பதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லையாம்.

கல்கத்தாவின் சந்தடியிலிருந்து விலகி இருக்க வேண்டி, 1870-களில் கர்மாடார் என்னும் இடத்தில் வீடொன்று வாங்கியிருந்தார். சந்தால் பழங்குடியினர் வாழும் பகுதி அது. அவர்கட்கு ஹோமியோபதி மருந்து கொடுப்பார். காலையில் அவர்கள் மக்காச்சோளக் கதிர்களைக் கொணர்ந்து, எனக்கு இவ்வளவு காசு வேண்டும் என்பர். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி அறையில் அடுக்கிவைப்பார். நண்பகலில் அவர்களே பசியோடு வந்து தின்னக் கேட்பர். வாங்கிய கதிரையே அவர்க்கு எடுத்துக் கொடுப்பார். விருந்தினராகச் சென்று தங்கிய ஹரப்பிரசாத சாஸ்திரியார் இதனைக் கண்டு வியந்து எழுதிவைத்துள்ளார்.

1891 ஜூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில் வித்தியாசாகரர் மறைந்தார். மெட்ரோபாலிட்டன் கல்லூரி 1917-இல் வித்தியாசாகர் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1981-இல் நம் மிட்னாப்பூரிலேயே அவர் பெயரால் பல்கலைக் கழகம் எழுந்தது. நம் பக்கத்து வீட்டுத் தெலுங்கு நண்பர்கள் தம் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலுவைத் தென்னாட்டு வித்தியாசாகரர் என்று பெருமையோடு சொல்வர். அவரும் பள்ளியாசிரியராய் இருந்தவர். பெண்களுக்குப் பள்ளி வைத்தவர்.

ஜாம்தாராவுக்கும் மதுபூருக்கும் இடையே கர்மாடார் நிலையத்தின் பெயரையும் நம் இரயில்வேத் துறையினர் மாற்றிவிட்டனர். அங்கே இப்பொழுது வித்தியாசாகர் என்று பலகை நிற்கின்றது. பாலங்களும் சாலைகளும் பலர் பெயரைத் தாங்கலாம். பள்ளித் தலைவர் ஒருவரின் பெயரைச் சொல்லி நாள்தோறும் பயணச்சீட்டுக் கிழிக்கும் நிலையங்கள் எத்தனை இருக்கும்?

பீர்சிங்கா நம் காலனியிலிருந்து ஒருநாளிற் போய்வரக் கூடிய தொலைவுதான். பாஞ்ச்குரா வரை இரயிலிலும், அங்கிருந்து காட்டால் வழியே பேருந்திலும் செல்லலாம். இத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்ந்தும் நம்மில் பெரும்பாலோர் சென்றதில்லை. நாமும் போன ஆண்டுதான் குடும்பத்துடன் சென்று வந்தோம். வரும் செப்டம்பர் 26-ஐ ஒட்டிய ஞாயிறன்று குழந்தைகளை அழைத்துக்கொண்டு மீண்டும் செல்ல எண்ணியிருக்கின்றோம். உடன்வர விரும்பும் குடும்பத்தார் சங்கச் செயலாளரிடம் முன்னதாகப் பெயர் கொடுக்கலாம். கட்டுச்சோறு அவரவர் பொறுப்பு.